மூன்று வருஷம் என்றால் சரி

ஹார்ட், மிச்சிகன்
23 ஏப்ரல் 1995

அன்புள்ள எல்விக்கு,

இது கைக்கு வரும்போது நீ, சித்தி, பிள்ளைகள் எல்லாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்கள் கடவுள் கிருபையில் வந்து சேர்ந்தோம். ஆர்க்கன்சாவில் ஒரு டயர் வெடித்தது, அவ்வளவுதான்.

டைக்ஸ்ட்ரா முதலாளி இந்த வருஷமும் அதே கேபினைத்தான் கொடுத்திருக்கிறார். உன் கட்டிலில் மாவு மூட்டை படுத்திருக்கிறது. குளிர் விடவில்லை, ஆஸ்பரகஸ் தண்டு இன்னும் மண்ணை விட்டுத் தலை நீட்டவில்லை. ஆண்கள் சீட்டாடுகிறார்கள், பெண்கள் துவைத்ததையே மறுபடி துவைக்கிறோம்.

வழியெல்லாம் அப்பாவுக்கு உன் பேச்சுதான். "மூணு வருஷம்னா சரி. நாலுன்னா வேணாம். அவளே அவ வாயால சொன்னா, மூணுன்னு." பெட்ரோல் போடும் இடத்தில் முன்பின் தெரியாத ஒருவரிடம், "என் சின்ன மக பள்ளிக்கூடத்துல இருந்துக்கிட்டே காலேஜ் பாடம் படிக்கிறா. மே மாசம் மூணு பரீட்சை எழுதினா நாலு வருஷக் காலேஜ்ல ஒரு வருஷத்தையே கழிச்சுடுவாங்க" என்றார். அந்த ஆளுக்கு ஸ்பானிஷ் தெரியாது. தலையை மட்டும் ஆட்டினார்.

ஆகவே எல்வி, படி. நீ வயலுக்கு வராமல் அங்கேயே தங்க அப்பா சம்மதித்தது அந்த ஒரு வருஷத்துக்காகத்தான். சித்தி உன்னை ஆயா ஆக்கிவிடாமல் பார்த்துக்கொள். தொழிலாளர் முகாமில் போன் பழுது, கடைப் போனில் எப்போதும் வரிசை, கடிதம்தான் வழி. நாம் ஆங்கிலத்தில் எழுதிக்கொள்வதால் இவர்களால் படிக்க முடியாது. வாசித்துக் காட்ட வேண்டியதை மட்டும் வாசித்துக் காட்டுவேன். எதையும் ஒளிக்காமல் எழுது.

அம்மா உன் நெற்றிக்கு ஒரு சிலுவை அனுப்புகிறாள்.
உன் நெரெய்தா


வெஸ்லாக்கோ, டெக்சாஸ்
2 மே 1995

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குச் சர்க்கரை எப்படி இருக்கிறது? மிச்சிகன் குளிரில் அவள் கால் விரல்களைப் பார்த்துக்கொள். இங்கே எல்லாரும் சுகம். வெயில் மட்டும் மண்டையைப் பிளக்கிறது.

சொக்கோரோ சித்தி வெங்காய ஷெட்டில் தரம் பிரிக்கிற வேலைக்குப் போகிறாள். விடியுமுன் கிளம்பிவிடுவாள். இரட்டைப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுத்து, கைக்குழந்தையையும் சேர்த்துப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு நான் பள்ளிக்கு ஓடுவேன். நான் படிக்கிற இடத்தைக் கேட்டால் சிரிப்பாய். குளியலறைத் தொட்டிதான். தண்ணீர் இல்லாமல், தலையணை போட்டு, உள்ளே தாழ் போட்டுக்கொண்டு. இந்த வீட்டில் தாழ் இருக்கிற கதவு அது ஒன்றுதான். பிள்ளைகள் கதவுக்கு அடியில் விரலை நீட்டி, "எல்வி, என்ன பண்றே?" என்பார்கள். "பாத்ரூம் போறேன்." "இவ்ளோ நேரமா?" தெருவில் எனக்கு வயிற்றுப்போக்கு என்று பேச்சு.

அடுத்த வாரம் ஸ்பானிஷ், அதன் பிறகு ஆங்கிலம், கடைசியாக அமெரிக்க வரலாறு. ஆங்கிலத் தேர்வன்று ஷெட்டுக்கு லீவு சொல்லிவிடுவதாகச் சித்தி மாதா படத்தின் மேல் சத்தியம் செய்திருக்கிறாள். மற்ற இரண்டு நாளும் பக்கத்து வீட்டுக்காரி பார்த்துக்கொள்வாள். காலேஜ் கணக்கில் ஆங்கிலம்தான் அதிகக் கிரெடிட் தரும், அதனால் அதில்தான் என் உயிரே இருக்கிறது.

அப்பாவிடம் சொல், மூன்றுதான்.
உன் எல்வி


ஹார்ட்
17 மே 1995

எல்வி,

எல்லாரும் சுகம். நீயும் அப்படியே என்று நினைக்கிறேன். ஆஸ்பரகஸ் ஒரே நாளில் விரல் நீளம் வளர்கிறது, நிமிரவே விடுவதில்லை. அப்பாவுக்குக் குளிரில் முதுகு பிடித்துக்கொண்டது, கேபினில் ஓய்வாக இருக்கிறார். அவர் பொறுக்கும் வரிசையையும் நானே எடுத்துக்கொண்டிருக்கிறேன். பெரிதாக ஒன்றுமில்லை.

தேர்வெல்லாம் எப்படி நடந்தது? விவரமாக எழுது. அப்பா தினமும் கேட்கிறார்.

கை வலிக்கிறது, இத்துடன் நிறுத்துகிறேன்.
நெரெய்தா


வெஸ்லாக்கோ
29 மே 1995

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பாவின் முதுகு தேவலையா? நம் வீட்டு அலமாரியில் கற்பூரத் தைலம் இருந்தது, எடுத்துக்கொண்டு போனீர்களா? இங்கே குழந்தைக்குப் பல் முளைக்கிறது, மற்றபடி சுகம்.

தேர்வுகள் முடிந்துவிட்டன. ஸ்பானிஷ் தேர்வில் ஒரு டேப்ரெக்கார்டரிடம் பேச வேண்டும். அது கேள்வி கேட்டது, நான் அம்மாவிடம் பேசுவதுபோலப் பேசிவிட்டேன். வரலாறு பரவாயில்லை. முடிவு ஜூலையில் தபாலில் வரும். வெள்ளிக்கிழமை பள்ளியில் பட்டமளிப்பு. அங்கியும் தொப்பியும் போட்டுக்கொண்டு நின்றேன். சித்தி இரட்டைப் பிள்ளைகளோடு வந்து, என் பெயரைச் சொன்னதும் மைதானமே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினாள்.

ஒன்று கேட்க வேண்டும் அக்கா. சமாரிப்பா டீச்சர் உன்னைப் பற்றிச் சொன்னார். நீயும் அவருடைய ஆங்கில வகுப்பில் இருந்தாயாமே. அந்த வருஷத்தில் நீதான் முதல் ஆளாம். உன் பெயரில் கேள்வித்தாள் வரவழைத்து வைத்திருந்தார்களாம், ஏப்ரலில் நீ வடக்கே போனதால் அது பிரிக்காமலே திரும்பிப் போனதாம். "உங்கக்கா ஒரு வார்த்தை சொல்லலை. திங்கக்கிழமை பார்த்தா நாற்காலி காலியா இருந்துச்சு" என்றார்.

வீட்டில் நீ என்ன சொன்னாய் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது. "படிப்பு அலுத்துப்போச்சு. வேலைக்கு வந்தா கையில காசாவது இருக்கும்." நானும் நம்பினேன். ஏன் அக்கா அப்படிச் சொன்னாய்?

உடனே பதில் எழுது.
எல்வி


ஹார்ட்
4 ஜூலை 1995

எல்விக்கு,

சுகமாக இருக்கிறாயா? இங்கே அம்மா நலம், அப்பா நலம், நான் நலம்.

எழுத நேரமே இல்லாமல் போய்விட்டது. ஆஸ்பரகஸ் முடிந்து, ஸ்ட்ராபெர்ரி முடிந்து, இப்போது செர்ரி. இன்றைக்கு ஊரில் வாண வேடிக்கை. முகாமில் எல்லாரும் லாரிகளின் மேல் ஏறி நின்று பார்க்கிறார்கள். பக்கத்துக் கேபின் டோன்யா சோலே வீட்டில் கோழி வறுக்கிறார்கள், வாசனை இங்கே வரை வருகிறது. அம்மாவுக்குப் புதுச் செருப்பு வாங்கினேன், கடிக்கிறது என்கிறாள்.

முடிவு வந்ததும் எழுது.

நெரெய்தா


வெஸ்லாக்கோ
17 ஜூலை 1995

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் மூவரும் சுகமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். நான் கேட்டதற்கு நீ பதில் சொல்லவில்லை. நானும் ஒன்றைச் சொல்லாமல் விட்டேன், ஆகவே உன் மேல் கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை.

முடிவு வந்தது. ஐந்துக்கு ஸ்பானிஷில் ஐந்து, வரலாற்றில் மூன்று. ஆங்கிலத்துக்கு நேரே ஒன்றும் இல்லை. நான் அதை எழுதவே இல்லை.

அன்று எழுந்தபோது சித்தி வீட்டில் இல்லை. வெங்காயம் மழைக்கு முன் ஏற வேண்டும், லீவு போட்டால் இனி வரவேண்டாம் என்று மேஸ்திரி சொல்லிவிட்டானாம். என்னை எழுப்பிச் சொல்ல மனம் வராமல் போய்விட்டாள். பக்கத்து வீடும் பூட்டிக் கிடந்தது, அன்று அவளையும் ஷெட்டுக்குக் கூப்பிட்டுக்கொண்டார்களாம். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, இரட்டைகளைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தேன். பாதி வழியில் இரட்டைகளில் ஒருவன் ரோட்டில் உட்கார்ந்துவிட்டான். அவனையும் தூக்கிக்கொண்டேன். தேர்வு நடந்த உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போனபோது கதவை மூடிவிட்டார்கள். கண்ணாடி வழியாக எல்லாரும் குனிந்து எழுதுவது தெரிந்தது. சமாரிப்பா டீச்சர் வெளியே வந்தார். "தாளைப் பிரிச்சாச்சும்மா. இனி யாரையும் உள்ள விட எனக்கு அதிகாரம் இல்லை." மறுதேர்வுக்கு டாக்டர் சீட்டு கேட்டார்கள். வீட்டில் யாருக்கும் காய்ச்சல்கூட இல்லையே. டீச்சர் அந்தப் படியிலேயே என் பக்கத்தில் உட்கார்ந்து, குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அப்போதுதான் உன்னைப் பற்றிச் சொன்னார்.

சித்தியைத் திட்டாதே. அன்று முழுக்க அவள் சாப்பிடவில்லை.

கிடைத்த கிரெடிட் அரை வருஷத்துக்குத்தான் வரும். அப்பாவிடம் உள்ளபடி சொல்லிவிடு. வரச் சொன்னால் செர்ரி முடிவதற்குள் பஸ் ஏறி வந்துவிடுகிறேன்.

எல்வி


ஹார்ட்
24 ஜூலை 1995

எல்வி,

நாங்கள் சுகம். உன் கடிதத்தைக் கக்கூஸில் உட்கார்ந்து படித்தேன். இங்கேயும் தாழ் உள்ள கதவு அது ஒன்றுதான். முதலில் உன்னை அறைய வேண்டும் போல இருந்தது. பிறகு அந்த மேஸ்திரியை. பிறகு யாரையும் இல்லை.

அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். ஸ்பானிஷில் ஐந்துக்கு ஐந்து, வரலாற்றில் மூன்று, மொத்தத்தில் ஒரு வருஷம் கழிந்தது என்றேன். ஆமாம், அப்படித்தான் வாசித்தேன். அப்பா, "ஸ்பானிஷுக்கா குடுத்தாங்க?" என்றார்.

"ஆமாப்பா."

"நான் மூணாங்கிளாஸ்ல ஸ்பானிஷ் பேசினேன்னு டீச்சர் பலகையால அடிச்சாங்க. ரெண்டு நாள் உட்கார முடியலை. இப்போ அதுக்கே காலேஜ் மார்க் குடுக்கிறாங்களா?"

"குடுக்கிறாங்கப்பா."

"அப்போ எனக்கு அவங்க எவ்வளவு பாக்கி?" என்று கேட்டு, சிரித்து, இருமி, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நீ ஆஸ்டினுக்குப் போகிறாய். பெட்டியைக் கட்டு. அரை வருஷக் குறையை எப்படி ஈடுகட்டுவது என்று அங்கே போய் யோசி.

மேயில் நீ கேட்டதற்குப் பதில். அந்த வருஷம் அம்மாவுக்குக் கால் புண் ஆறவில்லை. அவள் கையும் இல்லாமல், என் கையும் இல்லாமல் கேபின் தரமாட்டேன் என்றார் முதலாளி. எனக்குப் படிக்க ஆசை என்று தெரிந்திருந்தால் அப்பா என்னை விட்டுவிட்டே போயிருப்பார், அங்கே திண்டாடியும் இருப்பார். அதனால் அலுத்துப்போனது என்றேன். சொல்லச் சொல்ல அது உண்மையாகிவிடும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் கதை. மறுபடியும் கேட்காதே.

நெரெய்தா


ஆஸ்டின்
5 செப்டம்பர் 1995

அக்காவுக்கு,

நான் சுகம். அப்பா எப்படி இருக்கிறார் என்று இந்த முறை சம்பிரதாயத்துக்குக் கேட்கவில்லை.

நேற்று விடுதி வராந்தாப் போனில் சித்தி கூப்பிட்டாள். டோன்யா சோலே ஊருக்கு வந்து அவளிடம் எல்லாம் சொல்லியிருக்கிறாளாம். "உங்கப்பா ஃபிதென்சியோ இப்போ கோல் இல்லாம நடக்கிறாரா?" என்று சித்தி எனக்கும் தெரிந்த விஷயம்போலக் கேட்டாள். பெட்டி ஏற்றும்போது லாரியிலிருந்து விழுந்தார், முதுகெலும்பில் விரிசல், தூக்கக் கூடாது, வண்டி ஓட்டக் கூடாது, ஏணி ஏறக் கூடாது. மே மாதத்திலிருந்து. "குளிரில் முதுகு பிடித்துக்கொண்டது" என்று எழுதினாயே, கூசவில்லையா உனக்கு? எதையும் ஒளிக்காதே என்று எனக்குச் சொன்னவள் நீ.

இங்கே என் அறைக்கு நல்ல தாழ் இருக்கிறது. ராத்திரி அதைப் போட்டுக்கொண்டு அழுதேன். திரும்பி வரட்டுமா?

இன்னொன்று. ஸ்பானிஷ் கிரெடிட்டைப் பதியப் போனபோது அலுவலகத்தில் இருந்த பெண்மணியிடம் கேட்டேன், "ஸ்கூலை விட்டு ரொம்ப வருஷமானவங்க இந்த மாதிரி எழுத முடியாதா?" என்று. முடியுமாம். அதற்கு வேறொரு ஸ்பானிஷ் தேர்வு இருக்கிறது, எந்த வயதிலும் எழுதலாம். உங்களுக்குப் பக்கத்தில் மஸ்கீகன் கல்லூரியில் நடத்துகிறார்கள், அக்டோபரில் ஒரு சனிக்கிழமை. விவரம் உள்ளே வைத்திருக்கிறேன். நீ பத்து நிமிஷத்தில் எழுதி முடிப்பாய்.

எல்வி


ஹார்ட்
20 செப்டம்பர் 1995

எல்வி,

அப்பா கோல் இல்லாமல் நடக்கிறார். அம்மாவின் சர்க்கரை கொஞ்சம் ஏறி இறங்கியது. நீ வரவேண்டாம். வந்தால் உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் இரண்டு பேர், வேறென்ன லாபம்?

தேர்வைப் பற்றி எழுதினாய். என் ஒரு நாளைச் சொல்கிறேன். விடியுமுன் எழுந்து அப்பா அம்மா இரண்டு பேருக்கும் சாப்பாடு கட்டிக்கொடுத்து, வண்டியில் ஏற்றி, ஆப்பிள் தோட்டத்தில் இறக்குகிறேன். அப்பா தாழ்ந்த கிளைகளில் பறிக்கிறார், ஏணி எனக்கு. நடுவில் முதலாளி வந்தால் அவர் பேசுவதை அப்பாவுக்குச் சொல்ல வேண்டும். கிளினிக்கில் நர்ஸ் சொல்வதை அம்மாவுக்குச் சொல்ல வேண்டும். கடை, பாங்க், தபால், மருந்து, எல்லா இடத்திலும் நான். முகாமில் யாருக்கு எது வந்தாலும், "நெரெய்தா எங்கே?" நானில்லாவிட்டால் இவர்களுக்கு வாயும் இல்லை, காலும் இல்லை. நல்ல மகள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். சொல்லும்போது கதவில் இன்னொரு ஆணி அடிப்பதுபோல இருக்கிறது.

சில நாள் இவர்களை இறக்கிவிட்டு, வண்டியை நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல் அப்படியே உட்கார்ந்திருப்பேன். பெருஞ்சாலை அங்கிருந்து தெரியும். கியர் போடமாட்டேன். கொஞ்ச நேரம் கழித்து அணைத்துவிட்டு ஏணியை எடுக்கப் போவேன்.

சனிக்கிழமையும் எங்களுக்கு வேலை நாள். இருப்பது ஒரே வண்டி. அந்தத் தேர்வை எழுதி நான் எந்தக் கல்லூரிக்குப் போகப் போகிறேன்? நீ படி. உன் படிப்பு போதும் எனக்கு என்று நான் எழுதியிருப்பேன், போன மாதமாக இருந்தால். இப்போது அப்படி எழுத வரவில்லை. போதவில்லை எல்வி. உன் மேல் பொறாமையாக இருக்கிறது. இதை எழுதியதற்காக என்னை வெறுக்காதே.

நெரெய்தா


ஆஸ்டின்
2 அக்டோபர் 1995

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் நலமாக இருக்க வேண்டும். நான் நலம்.

நீ பொறாமைப்படுவதை எழுதியது நல்லது. உன் கடிதங்களில் எனக்குப் பிடித்தது அதுதான்.

உன் பெயரை மஸ்கீகனில் பதிந்துவிட்டேன். பதினான்காம் தேதி, காலை ஒன்பது மணி. போனால் போ, இல்லையென்றால் இல்லை. கேள்வித்தாள் வரும், அதை யார் பிரிப்பது என்பது உன் பாடு.

அம்மாவுக்கு என் முத்தம்.
எல்வி


ஹார்ட், மிச்சிகன்
18 அக்டோபர் 1995

என் மகள் எல்வியாவுக்கு,

தேவன் உன்னைக் காக்கட்டும். நாங்கள் மூவரும் உடம்புக்குச் சுகம். முதுகு மழை வந்தால் மட்டும் பேசுகிறது. எனக்கு ஆங்கிலம் வராது, ஸ்பானிஷில்தான் எழுதுகிறேன். நீ அதில் ஐந்துக்கு ஐந்து வாங்கியவள், என் பிழைகளைப் பார்த்துச் சிரிக்காதே.

உன் அக்கா எழுதியிருக்கமாட்டாள், அதனால் நான் எழுதுகிறேன். சனிக்கிழமை காலை அவள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றாள். "எங்கடி?" என்றேன். "மஸ்கீகனுக்கு. பரீட்சை எழுத." "வண்டி?" "வண்டியைத்தான் எடுத்துட்டுப் போறேன்." "அப்போ நாங்க எப்படித் தோட்டத்துக்குப் போறது?" "இன்னைக்குப் போக வேண்டாம்ப்பா" என்றாள். குரலை உயர்த்தவில்லை, என் முகத்தையும் பார்க்கவில்லை. உன் அம்மா டார்ட்டியா ரொட்டியில் முட்டையை வைத்துச் சுருட்டி அவள் கையில் கொடுத்தாள். வண்டி போய்விட்டது.

கொஞ்ச நேரத்தில் முதலாளி வந்தார். "எங்கே உங்கள் ஆட்கள்?" என்றார். அது மட்டும் எனக்குப் புரியும். பதில் சொல்ல நெரெய்தா இல்லை. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "மகள், பரீட்சை" என்றேன். "என்ன பரீட்சை?" "ஸ்பானிஷ்." அவர் என்னைப் பார்த்தார், கேபினைப் பார்த்தார், "நெரெய்தாவுக்கா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு அவர் சிரிக்காமல் ஏதோ சொன்னார். திங்கட்கிழமை வராவிட்டால் வேறு குடும்பம் என்று அர்த்தம் செய்துகொண்டேன்.

அன்று முழுக்க கேபினில் உட்கார்ந்திருந்தேன். கடைக்குப் போக முடியாது, கிளினிக்குக்குப் போக முடியாது, பக்கத்துத் தோட்டத்துக்குக்கூடப் போக முடியாது. அவள் இல்லாமல் நாங்கள் எங்கே நிற்கிறோம் என்று அன்றுதான் கண்டேன். இவள் இனி வரமாட்டாள் என்று ஒரு நினைப்பு. வரவேண்டும் என்று ஜெபம் செய்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன் மகளே. மீதிப் பாதிக்கு என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் வந்தாள். "எப்படி எழுதினே?" என்றேன். "நல்லாத்தான் எழுதினேன்" என்று சொல்லி இரண்டு தட்டுச் சாப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமை நான் கேட்டேன், "அந்த வருஷம் படிப்பு உனக்கு அலுத்துத்தான் போச்சா?" பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் கழுவிக்கொண்டே இருந்தாள். நீ மூன்று வருஷத்தில் முடித்தாலும் சரி, நாலில் முடித்தாலும் சரி.

நவம்பரில் ஊருக்கு வருகிறோம். ஜனவரியில் நம் மாவட்டக் கல்லூரியில் அவளைச் சேரச் சொல்லியிருக்கிறேன். "ஏப்ரல்ல யார் வண்டி ஓட்டுவா? முதலாளி கேபின் குடுப்பாரா?" என்றாள். கேட்டுக்கொண்டிருந்த உன் அம்மா, "எனக்குச் சொல்லிக் குடு" என்றாள்.

உன் அம்மா அம்பாரோவுக்கு வயது ஐம்பத்தொன்று. ஸ்டீரிங்கைக் கையால் தொட்டதில்லை. நேற்று வேலை முடிந்ததும் தோட்டத்து மண்பாதையில் ஓட்டினாள். நெரெய்தா பக்கத்தில் உட்கார்ந்து, "பிரேக் அம்மா, பிரேக்!" என்று கத்தியது முகாம் வரை கேட்டிருக்கும். நேராகப் போய் ஒரு ஆப்பிள் மரத்தில் இடித்தாள். மரத்துக்கு ஒன்றுமில்லை, வண்டிக்கு ஒரு விளக்குப் போயிற்று. இறங்கிவிடுவாள் என்று பார்த்தேன். தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "பின்னால போக எதைப் போடணும்?" என்று கேட்டாள்.

உன் அப்பா
ஃபிதென்சியோ